அலுமினியத்துக்குப் பதில் ஃபைபர்: விமானம் பற்றிப் பாம்பன் கரையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் பாம்பன் பக்கத்து ஆள். அப்பா ஃபைபர் படகு செய்யும் பட்டறையில் ரெசின் கலக்கும் வேலை பார்த்தார். சின்ன வயதில் அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தூசி பட்டு என் கழுத்தெல்லாம் அரிக்கும். பிறகு அதே தொழிலைப் பிடித்துக்கொண்டே பெங்களூர் போனேன். விமான உறுப்புகள் செய்யும் ஒரு பட்டறையில் பதினைந்து வருடம் கார்பன் துணி அடுக்கிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன்.

டீக்கடையில் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள், உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனால் பக்கத்தில் நிற்பவர் கேட்கிறார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

விமானத்தை பிளாஸ்டிக்கில் செய்கிறார்களாமே, உண்மையா?

பாதி உண்மை. பிளாஸ்டிக் என்றதும் நமக்குக் குடமும் வாளியும்தான் ஞாபகம் வரும். குடத்துக்குள் நார் கிடையாது, அதனால் அது விரிசல் விட்டால் ஒரே ஓட்டமாக ஓடிப் பிளந்துவிடும். விமானத்தில் இருப்பது நாரும் பசையும் (ரெசின்) சேர்ந்த கூட்டுப்பொருள். பட்டறையில் காம்போசிட் என்போம். பாரத்தைத் தாங்குவது நார். நார்களை வளையாமல் நகராமல் பிடித்துக்கொண்டு, ஒரு நாரின் பாரத்தை அடுத்த நாருக்குக் கைமாற்றிக் கொடுப்பது பசை. இரண்டில் எது இல்லாவிட்டாலும் இன்னொன்றுக்கு மதிப்பில்லை.

போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ பாதி இப்படிப்பட்ட கூட்டுப்பொருள். அலுமினியம் 20 சதவீதம், டைட்டானியம் 15 சதவீதம், மிச்சம் எஃகும் பிறவும். ஏர்பஸ் ஏ350 விமானத்தில் கூட்டுப்பொருள் 53 சதவீதம். இறக்கை, உடல், வால் எல்லாமே அதுதான். 787 முதன்முதலில் பறந்தது 2009 டிசம்பரில், ஏ350 பறந்தது 2013 ஜூனில்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஏடிஆர் 72 விமானத்தில் போயிருக்கிறீர்களா? அதன் வெளி இறக்கையின் பெட்டிச் சட்டம் கார்பன் ஃபைபர். 1989-லேயே அப்படித்தான் செய்தார்கள். ஏ320 விமானத்தின் வால் முழுக்க கூட்டுப்பொருள். நம்மில் பலர் தெரியாமலேயே ஃபைபரை நம்பிப் பறந்தவர்கள்தான்.

அப்படியானால் நம்ம ஃபைபர் படகும் அதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு வேறு வளர்ப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நம் ஆட்களுக்கு இது சட்டென்று புரியும்.

படகுக்கு அச்சில் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சை அடித்து, அது இறுகியதும் நறுக்கிய கண்ணாடி நாரால் ஆன மேட் என்ற விரிப்பை விரித்து, பாலியெஸ்டர் ரெசினில் அதை இறுகவைக்கும் கோபால்ட்டும் கேட்டலிஸ்டும் கலந்து பிரஷ்ஷால் ஊற்றி, ரோலரால் காற்றை விரட்டுகிறோம். அதன் மேல் ரோவிங் என்ற நெய்த கண்ணாடித் துணி, திரும்ப மேட். வெயில் அதிகமானால் கேட்டலிஸ்டைக் குறைக்க வேண்டும், வாடை வீசும் மாதத்தில் கூட்ட வேண்டும். அந்தக் கணக்கு அப்பாவின் கையில் இருந்தது, காகிதத்தில் எழுதியிருக்கவில்லை.

விமானத்தில் பசை பெரும்பாலும் எபாக்ஸி. நார் பெரும்பாலும் கார்பன். பசையைக் கையால் ஊற்றும் பேச்சே இல்லை. ரெசின் சரியான அளவில் ஏற்கெனவே ஏறிய துணி சுருளாக வரும், பெயர் பிரீப்ரெக். அது தானாக இறுகிவிடாமல் இருக்க மைனஸ் 18 டிகிரி குளிர்பெட்டியில் வைத்திருப்போம். வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து மணிக்கணக்கு எழுத வேண்டும். கணக்கு தாண்டினால் நல்ல துணியாகத் தெரிந்தாலும் குப்பைக்குத்தான் போகும். அச்சில் அடுக்கி, பையால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய அடுப்புக்குள் தள்ளுவோம். பிரஷர் குக்கரை ஒரு வீட்டளவுக்குப் பெரிதாக்கியதுபோல இருக்கும். சுமார் 180 டிகிரி வெப்பம், வளிமண்டலத்தைப் போல ஆறேழு மடங்கு அழுத்தம், பல மணி நேரம்.

இத்தனை பாடு எதற்கு? கையால் போட்ட மேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணாடி, மிச்சம் ரெசின். விமானப் பலகையில் கனஅளவில் 60 சதவீதம் வரை நார். ரெசின் கூடினால் கனம் கூடும், பலம் கூடாது.

இன்னொரு வித்தியாசம் நாரின் திசை. மேட்டில் நறுக்கிய நார் நாலா பக்கமும் கிடக்கும். விமானத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் திசை உண்டு: நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, 45 டிகிரி சாய்வில் இரண்டு பக்கமும். பனை நார் முறுக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழுக்கும் திசையில் அது மாட்டையே கட்டிப்போடும், குறுக்கே நகத்தால் கிழித்தால் பிரிந்துவிடும். ஓலைப் பாயை ஏன் இரண்டு திசையில் பின்னுகிறோம்? அதே காரணம்தான். அலுமினியத் தகடு எந்தப் பக்கம் இழுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே பலம் கொண்டது. கூட்டுப்பொருளில் பலம் எங்கே வேண்டுமோ அங்கே நாரைக் கூட்டலாம், வேண்டாத இடத்தில் குறைக்கலாம். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

கார்பன் நார் எங்கிருந்து வருகிறது?

ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் நெருங்கிய சொந்தக்கார நூலிலிருந்து. அதை இழுத்துப் பிடித்தபடி 200, 300 டிகிரியில் காற்றில் சுட்டு, பிறகு காற்றில்லாமல் 1,000 டிகிரிக்கு மேல் சுட்டால் கார்பன் மட்டும் மிஞ்சும். ஒரு இழையின் தடிமன் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும்.

அலுமினியம் நன்றாகத்தானே இருந்தது? அதில் என்ன குறை?

அலுமினியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் 1906-ல் கண்ட ஒரு உண்மையிலிருந்துதான் அலுமினிய விமான உலகம் பிறந்தது. கொஞ்சம் செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சுட்டுத் தணித்து அப்படியே வைத்தால், நாட்கள் போகப்போக அது தானாகக் கடினமாகிறது. டியூராலுமின் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய விமான அலுமினியமெல்லாம் அந்த வழி வந்தவை.

அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று களைப்பு. தகர டப்பா மூடியை மேலும் கீழும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முறிகிறதல்லவா? விமானம் ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்காற்றால் ஊதும், இறங்கும்போது சுருங்கும். 1954-ல் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடல் மேல் உடைந்து விழுந்தன. உடலில் வெட்டிய திறப்புகளின் மூலையில் தொடங்கிய விரிசல்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது எதிரி நமக்குத் தெரிந்த உப்புக்காற்று. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 24,000 அடி உயரத்தில் பறந்தபோது முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்ற 94 பேரும் திறந்த வானத்துக்குக் கீழே உட்கார்ந்தபடி தரையிறங்கினார்கள். அந்த விமானம் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டித் தூரம் பறந்து, 89,680 முறை ஏறி இறங்கியது. உப்பு ஈரத்தில் தகடுகளின் ஒட்டு விட்டுப்போய், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளைகளைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தது. களைப்பும் துருவும் கைகோத்தால் இப்படித்தான் ஆகும்.

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை உப்பு தின்ற கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பக்கத்தில் வாழ்ந்தவனுக்கு அலோஹா கதையைப் படித்தபோது அந்நியமாகத் தோன்றவில்லை.

கார்பன் கூட்டுப்பொருள் துருப்பிடிக்காது. களைப்பிலும் அலுமினியத்தைவிட மிகத் தெம்பானது. எடையைவிட இந்த இரண்டும்தான் பெரிய லாபம் என்பது என் அபிப்பிராயம்.

எடை எவ்வளவு குறையும்?

ஒரு கனசெண்டிமீட்டர் அலுமினியம் 2.8 கிராம். கார்பன் எபாக்ஸி 1.6 கிராம். அப்படியே கணக்குப் போட்டால் 40 சதவீதம் குறைய வேண்டும். நடைமுறையில் 20 சதவீதம் கிடைத்தாலே வடிவமைத்தவர் தோளைத் தட்டிக்கொள்ளலாம். துளை போட்ட இடத்தில் தடிமன் கூட்ட வேண்டும், மின்னலுக்குச் செம்பு வலை வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அடிகளை மனதில் வைத்துக் கூடுதல் அடுக்குகள் வேண்டும். அலுமினியப் பலகையின் படத்தை அப்படியே எடுத்துக் கார்பனில் செய்தால் லாபமே கிடைக்காது. அப்படிச் செய்வதைத் தொழிலில் கருப்பு அலுமினியம் என்று சொல்லுவோம்.

உண்மையான லாபம் உறுப்புகளை ஒன்றாக்குவதில் இருக்கிறது. 787 உடலின் ஒரு பீப்பாய்ப் பகுதியை முழுதாக ஒரே துண்டாகச் சுற்றி எடுப்பதால் சுமார் 1,500 அலுமினியத் தகடுகளும் 40,000 முதல் 50,000 வரை ஆணிகளும் மிச்சம் என்று போயிங் சொன்னது. ஆணி குறைந்தால் துளை குறையும். துளை குறைந்தால் விரிசல் பிறக்கும் இடம் குறையும்.

பயணிக்கு இதனால் ஏதாவது தெரியுமா?

காது சொல்லும். பழைய விமானங்களில் உள்காற்றை 8,000 அடி உயரத்து மலைக்குச் சமமாக வைப்பார்கள், கிட்டத்தட்ட தொட்டபெட்டா உச்சி. 787, ஏ350 இரண்டிலும் 6,000 அடி, அதாவது குன்னூர். உடல் களைப்பைத் தாங்குவதால் உள்ளே கூடுதல் அழுத்தம் வைக்க முடிகிறது. துருப் பயம் இல்லாததால் உள்காற்றில் கொஞ்சம் ஈரமும் வைக்கலாம். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் நம் ஊர் ஆட்கள் தொண்டை வறளாமல் இறங்குவதற்கு இது ஒரு காரணம். ஜன்னலும் பெரிது.

துருப்பிடிக்காது என்றால் உப்புக்காற்றுக் கவலையே இல்லையா?

உண்டு. கார்பன் தானாகத் துருப்பிடிக்காது, பக்கத்தில் இருப்பதைத் துருப்பிடிக்க வைக்கும். கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். அதை அலுமினியத்தோடு ஒட்டவைத்து நடுவில் உப்புநீர் பட்டால் அது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் கரைவது அலுமினியம். படகில் எஃகுப் போல்ட்டுக்குப் பக்கத்தில் அலுமினியத் தட்டு வைத்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பொடி பழக்கமானது. கார்பன் எஃகைவிட மோசமாகத் தின்னும்.

அதனால் இரண்டும் சேரும் இடத்தில் நடுவே ஒரு அடுக்கு கண்ணாடித் துணி வைப்போம், ஏனென்றால் கண்ணாடி மின்சாரம் கடத்தாது. ஆணிகளுக்கு டைட்டானியம், அது கார்பனோடு சண்டை போடாது. 787-ல் டைட்டானியம் 15 சதவீதம் வரை ஏறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மலிவான அலுமினிய ரிவெட்டை விட்டுவிட்டு விலை அதிகமான ஆணிக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஈரமும் உள்ளே போகும். எபாக்ஸி தன் எடையில் ஒன்றிரண்டு சதவீதம் தண்ணீர் குடிக்கும். குடித்தபின் வெப்பம் தாங்கும் சக்தி குறையும். ஆகவே சோதனைத் துண்டுகளை ஈரமும் சூடும் நிறைந்த பெட்டியில் வாரக்கணக்கில் ஊறவைத்து, அதற்குப் பிறகுதான் உடைத்துப் பார்ப்போம். சித்திரை மாதத்துத் தொண்டியும் ஐப்பசி மாதத்துத் தொண்டியும் ஒரு பெட்டிக்குள் சேர்ந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய படகின் அடிப்பக்கத்தில் வரும் கொப்புளமும் இதே ஈரத்தின் வேலைதான்.

வெயிலும் உண்டு. புற ஊதா கதிர் ரெசினைச் சுண்ணாம்பாக உதிர்க்கும், அதனால் பெயின்ட் கட்டாயம். சிறிய ஃபைபர் விமானங்களும் கிளைடர்களும் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது அழகுக்காக இல்லை. கருப்படித்தால் நம் ஊர் வெயிலில் ரெசின் இளகும் அளவுக்குச் சூடாகும். பெயின்ட் விஷயத்தில் பெரிய வழக்கே நடந்தது. ஏ350 விமானங்களில் மேற்பரப்புப் பெயின்ட் உரிந்தது பற்றிக் கத்தார் ஏர்வேஸும் ஏர்பஸும் நீதிமன்றம் போய், 2023 பிப்ரவரியில் சமரசமானார்கள். கார்பனும் செம்பு வலையும் பெயின்ட்டும் சூட்டில் வெவ்வேறு அளவுக்கு விரிகின்றன. மூன்றையும் ஒரே தோலாக ஒட்டிவைப்பது சுலபமில்லை.

மின்னல் அடித்தால்?

அலுமினிய உடல் மின்னலைத் தானே கடத்திவிடும். கார்பன் அவ்வளவு நன்றாகக் கடத்தாது, அடிபட்ட இடம் கருகும். ஆகவே மேல் அடுக்குக்குள் மெல்லிய செம்பு வலையைப் பதிப்பார்கள். மின்னல் அதில் பரவி, வால் நுனி வழியாகவோ இறக்கை நுனி வழியாகவோ வெளியேறும்.

ஏதாவது மோதினால் வெளியே தெரியுமா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும் என்று நினைப்பேன்.

அலுமினியம் அடிபட்டால் சொட்டையாகும். சொட்டை ஒரு சாட்சி. கார்பன் பலகை அடிபட்டால் வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிர்ந்துவிடும். மேலே ஒன்றும் இருக்காது. உள்ளே அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் பசை விட்டிருக்கும். அமுக்கும் பாரம் வரும்போது அந்தப் பிரிவு வாய் திறக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், முடிந்து நின்ற ஒரு பலகையின் மேல் என் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது. இடுப்பு உயரம்தான். குனிந்து பார்த்தேன், விரலால் தடவினேன், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை. மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு பிரிவு. அவர் திட்டவில்லை. "சொன்னியே தம்பி, அது போதும்" என்று மட்டும் சொன்னார். பலகை ஒதுக்கப்பட்டது.

வடிவமைப்பில் இதற்கு விதி உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு அடி எதுவானாலும் அதோடு சேர்த்தே, விமானம் ஆயுள் முழுக்க உச்ச பாரத்தைத் தாங்க வேண்டும். அதற்காகத்தான் முன்னே சொன்ன கூடுதல் அடுக்குகள். ஆனால் படிக்கட்டு வண்டியோ சரக்கு வண்டியோ நிற்கும் விமானத்தில் இடித்தால் அந்த அடி பெரிது. இடித்த ஓட்டுநர் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்பவரைத் தண்டிக்கும் இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அலுமினியம் மனிதரின் மௌனத்தை ஓரளவு மன்னிக்கும், ஃபைபர் மன்னிக்காது. எனக்கு இந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல ஒரே விஷயம்தான் இருக்கிறது என்றால் அது இதுதான்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?

முதல் கருவி காது. நாணயத்தாலோ சின்னச் சுத்தியாலோ தட்டிக்கொண்டே போவோம். நல்ல இடம் டங்கென்று கேட்கும், பிரிந்த இடம் டொப்பென்று கேட்கும். சந்தையில் பானையைத் தட்டி வாங்குவது போல. பழைய படகை விலை பேசும்போது அணியத்திலிருந்து பின்பக்கம் வரை முட்டியால் தட்டிக்கொண்டே வரும் பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விமானப் பட்டறையில் அதற்கு மேல் அல்ட்ராசவுண்டும் வெப்பக் கேமராவும் உண்டு.

ஒட்டுப் போட முடியுமா?

முடியும். கெட்ட இடத்தை வெட்டி, சுற்றிலும் படிப்படியாகச் சரிவாகத் தேய்த்து, அதே திசையில் அடுக்கு அடுக்காகத் துணி வைத்து, சூட்டுப் போர்வையால் இறுகவைப்போம். படகுக்குச் செய்வதேதான், தேய்க்கும் சரிவு மட்டும் இன்னும் நீளம். 2013 ஜூலையில் லண்டன் ஹீத்ரோவில் நின்றிருந்த எத்தியோப்பிய 787 ஒன்றில் லித்தியம் பேட்டரியால் தீப்பிடித்துப் பின்பக்க மேல்தோல் கருகியது. அதைச் சரிசெய்து திரும்பப் பறக்க வைத்தார்கள்.

தீப்பிடித்தால் ஃபைபர் பற்றிக்கொள்ளாதா? அகமதாபாத் விபத்து?

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஏ350 ஒன்று ஓடுபாதையில் கடலோரக் காவல் விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏ350-ல் இருந்த 379 பேரும் 18 நிமிடத்துக்குள் உயிரோடு வெளியே வந்தார்கள். பிறகு விமானம் மணிக்கணக்கில் எரிந்து சாம்பலானது. ஆக, எரியும். ஆனால் எரிபொருள் தீயில் அலுமினியம் உருகி ஓட்டையாகும், கார்பன் நார் உருகாது, கருகிய அடுக்குகள் கொஞ்ச நேரம் திரைபோல நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம் உயிர். புகை மோசமானது, எரிந்த நார்த் தூசியும் மோசமானது. தீயணைக்கும் ஆட்களுக்கு முகமூடி அவசியம்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்தது 787 என்பதால் பலர் பயத்தோடு கேட்கிறார்கள். விசாரணையின் முதற்கட்ட அறிக்கை, கிளம்பிய சில நொடிகளில் இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் அடைப்பு நிலைக்கு மாறியதைச் சொன்னது. உடல் முறிந்ததாக அதில் இல்லை. 260 உயிர் போன விஷயத்தில் அதற்கு மேல் ஊகம் பேச நான் விரும்பவில்லை.

கூட்டுப்பொருள் உறுப்பே முறிந்த விபத்து எது என்றால், 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் ஏ300 ஒன்றின் செங்குத்து வால் பிய்ந்ததைச் சொல்வேன். 265 பேர் இறந்தார்கள். முன்னே போன பெரிய விமானத்தின் சுழல்காற்றில் விமானி சுக்கானை மாறி மாறி முழுக்க மிதித்ததால், வடிவமைப்பு வரம்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரம் வாலில் விழுந்தது என்பது விசாரணை முடிவு. வால் தன் வாக்குறுதிக்கு மேலேயே தாங்கியிருந்தது.

டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி கார்பன்தானே? அது நொறுங்கியதே?

ஆம், 2023 ஜூன் 18, ஐந்து பேர் இறந்தார்கள். விமானம் உள்ளிருந்து ஊதப்படும் பலூன், அதனால் நார் இழுபடும். இழுவிசையில் நாருக்கு நிகரில்லை. ஆழ்கடலில் வெளியிலிருந்து அமுக்கும். கயிற்றால் ஒன்றை இழுக்கலாம், தள்ள முடியுமா? தள்ளும்போது நாரை நேராக நிறுத்துவது பசையும் அடுக்குகளின் ஒட்டும்தான். அதில் சின்னப் பிரிவு இருந்தாலும் ஒவ்வொரு முங்கலிலும் வளரும். பொருளை அதன் சுபாவத்துக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள்.

பறவை மோதினால்?

தனுஷ்கோடிப் பூநாரைகளைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி கேட்ட கேள்வி. ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் 1960-களின் கடைசியில் ஆர்பி211 என்ஜினுக்குக் கார்பன் விசிறி இதழ்கள் செய்தது. பறவை மோதும் சோதனையில் அவை சிதறின. டைட்டானியத்துக்கு மாறினார்கள். செலவு கையை மீறி 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலானது. இருபத்து நாலு வருடம் கழித்து, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் செய்த ஜிஇ90 என்ஜின் கார்பன் இதழோடு சேவைக்கு வந்தது. இதழின் முன்விளிம்பில் டைட்டானியக் கவசம். முதல் அடியை உலோகம் வாங்கும், பாரத்தை நார் சுமக்கும்.

நம் நாட்டில் செய்கிறோமா?

செய்கிறோம், நன்றாகவே செய்கிறோம். 2001 ஜனவரி 4 அன்று முதலில் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் கட்டமைப்பு எடையில் 45 சதவீதம் கூட்டுப்பொருள். வெளித்தோலில் பெரும்பகுதி அதுதான். பெங்களூரில் உள்ள என்ஏஎல் என்ற அரசு விமான ஆய்வகம் செய்த ஹன்சா பயிற்சி விமானம் முழுக்கக் கண்ணாடி ஃபைபர் உடல், 1993-ல் பறந்தது. துருவ் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகள் கூட்டுப்பொருள்.

நம் மண்ணின் பிள்ளையைச் சொல்லாமல் முடியாது. அப்துல் கலாமின் தந்தை தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப்போக மரப்படகு கட்டியவர். மகன் விமானப் பொறியியல் படித்து, ராக்கெட்டுகளுக்கு ஃபைபர் உறுப்புகள் செய்யும் வேலைக்குள் போனார். அவர் தலைமையில் 1980 ஜூலை 18 அன்று எஸ்எல்வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. பிறகு அக்னி ஏவுகணைக்காக உருவான இலகுப் பொருளைக் கொண்டு ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனையில் போலியோ பாதித்த பிள்ளைகளுக்குக் கால் தாங்கி செய்தார்கள். மூன்று கிலோவுக்கு மேல் கனத்த உலோகத் தாங்கி 300 கிராம் ஆனது. பேக்கரும்பில் உள்ள கலாம் நினைவிடத்துக்குப் போகும் பிள்ளைகளிடம் நான் ராக்கெட்டைவிட அந்தக் கால் தாங்கியைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

அலுமினியம் காணாமலே போய்விடுமா?

போகாது. உலகில் அதிகம் பறக்கும் 737, ஏ320 இரண்டின் உடலும் இன்றும் அலுமினியம். குட்டித் தூரம், நாளுக்குப் பல முறை, எப்போதும் வண்டிகள் சூழ்ந்து நிற்கும் விமானத்துக்கு அலுமினியம் இன்னும் பொருத்தமே. ஏ220 இறக்கை கார்பன், உடல் லித்தியம் கலந்த அலுமினியம். ஏ380 உடலின் மேல்பகுதியில் அலுமினியத் தகடும் கண்ணாடி நாரும் மாறி மாறி ஒட்டிய பொருள் இருந்தது. விரிசல் உலோகத்தில் தொடங்கினால் நடுவில் இருக்கும் நார் அதை மறித்துவிடும். எனக்கு அது மிகவும் பிடித்த யோசனை.

பழசானதும் என்ன செய்வார்கள்?

இதில் என்னிடம் நல்ல பதில் இல்லை. பழைய அலுமினியத்தை உருக்கினால் மறுபடி அலுமினியம், புதிதாக எடுக்க ஆகும் மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். ஒருமுறை இறுகிய எபாக்ஸி உருகாது. காற்றில்லாமல் சுட்டு ரெசினை ஆவியாக்கி நாரை மட்டும் எடுக்கிறார்கள். அது துண்டு நார், முதல் தர வேலைக்கு ஆகாது. நம் கரையில் மணலில் பாதி புதைந்து கிடக்கும் உடைந்த ஃபைபர் படகுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மரத்தால் செய்த வத்தைப் படகு மக்கி மண்ணாகும், அடுப்புக்காவது ஆகும். இது எதற்கும் ஆகாது. தயவுசெய்து கொளுத்தாதீர்கள், அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும்.

படகுப் பட்டறையில் வேலை பார்க்கும் பையனுக்கு விமான வேலை கிடைக்குமா?

கை ஏற்கெனவே பாதி தயார். துணி சுருக்கம் விழாமல் விரிப்பது, காற்றுக் குமிழியைக் கண்ணால் பிடிப்பது, ரெசின் சூடாகும் நேரத்தைத் தோலால் உணர்வது எல்லாம் பாடப் புத்தகத்தில் வராது. பழக வேண்டியது எழுத்துப் பழக்கம். எந்தச் சுருள், எத்தனை மணிக்கு வெளியே எடுத்தது, எந்த அடுக்கு எந்தத் திசை, யார் வைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வேண்டும். மதுரையில் உள்ள மத்திய அரசின் சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் சார்ந்த படிப்புகள் உண்டு. பொறியியல் என்றால் கலாம் படித்த, சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்ஐடி கல்லூரி இருக்கிறது.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேட் வெட்டும்போதும் ஃபைபர் தேய்க்கும்போதும் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். தூசியைத் தடுக்கும் முகமூடி போடுங்கள், ரெசின் கலக்கும்போது வாயு வடிகட்டி உள்ளதைப் போடுங்கள், முழுக்கைச் சட்டை, கையுறை. அப்பா அதெல்லாம் போட்டதில்லை. கடைசி வருடங்களில் பாம்பன் பாலத்தின் படியேறக்கூட நின்று நின்றுதான் மூச்சு வாங்குவார்.